0.15 மில்லிமீட்டரில் இன்னொரு கிட்டார்! உங்களுக்குத் தெரியுமா?

கிட்டார் மீட்டும் மஞ்சள் பிக்கைக் கீழே வைத்துவிட்டுப் பச்சை பிக்கை எடுக்கிறீர்கள். இரண்டுக்கும் தடிமனில் வித்தியாசம் 0.15 மில்லிமீட்டர்தான். விரலால் தடவினால்கூடச் சட்டென்று பிடிபடாது. ஆனால் விறைப்பு எவ்வளவு ஏறுகிறது தெரியுமா? ஒன்றே முக்கால் மடங்கு!

கணக்கு எளிது. ஒரு தகடு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக்குகளில் சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14 மில்லிமீட்டர். சிவப்பிலிருந்து பச்சை வரை ஒவ்வொரு நிறம் தாண்டும்போதும் விறைப்பு ஏறத்தாழ 1.7, 1.8 மடங்காக ஏறிக்கொண்டே போகிறது! சிவப்பையும் ஊதாவையும் நேருக்கு நேர் வைத்தால் கிட்டத்தட்ட 12 மடங்கு. தடிமன் இரண்டே கால் மடங்கு, விறைப்பு பன்னிரண்டு மடங்கு!

பெங்களூரில் தோளில் லேப்டாப் பையும் முதுகில் கிட்டார் பையுமாக மெட்ரோ ஏறும் பிள்ளைகளைப் பார்க்காத நாள் குறைவு. நல்ல கிட்டார் வாங்கக் காசு சேர்க்கிறார்கள், கம்பி எந்தக் கம்பெனி என்று அலசுகிறார்கள், பிக்அப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பிக்கை மட்டும் கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்தது போல எது கிடைத்ததோ அதை வைத்து வாசிக்கிறார்கள். கம்பியை மீட்டும் ஒரே பொருள் அதுதான்! வலது கையிலிருந்து கிட்டாருக்குப் போகும் அத்தனையும் அந்த முனை வழியாகத்தான் போகிறது.

இன்னொன்று கேளுங்கள். பிக்கின் தடிமன் மட்டுமல்ல, விரலுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் அதே மும்மடிக் கணக்குதான், தலைகீழாக! நீட்டலைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். அதாவது உங்கள் கையிலிருக்கும் மெல்லிய 0.60 பிக்கை, முனை மட்டும் தெரியும்படி இறுக்கிப் பிடித்தால் அது தடித்த பிக்காகவே நடந்துகொள்ளும். பாட்டின் நடுவில் கட்டைவிரலைச் சற்று முன்னே நகர்த்தினால் போதும், பிக்கை மாற்றாமலே பிக் மாறிவிடுகிறது! நல்ல வாசிப்பாளர்களின் வலது கையைக் கவனியுங்கள். ஸ்ட்ரம் பண்ணும்போது பிக் நீளமாகத் தெரியும், தனிச்சுரம் வாசிக்கும்போது விரலுக்குள் ஒளிந்துவிடும்.

சரி, விறைப்பு மாறினால் காதுக்கு என்ன மாறுகிறது? மெல்லிய பிக் கம்பியைத் தொட்டதும் தானே வளைந்து கொடுத்துவிடும். ஓங்கி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் அது ஓரளவுக்கு மேல் கம்பியை இழுக்காது. அதனால் ஆறு கம்பியிலும் சத்தம் ஒரே சீராக விழும், கூடவே பிக் படபடக்கும் 'சிக் சிக்' ஒலியும் தாளம் போலச் சேர்ந்துகொள்ளும். பாடிக்கொண்டே கார்ட் அடிப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். தடித்த பிக் வளையாது, கம்பிதான் வளையவேண்டும். கை என்ன சொல்கிறதோ அது அப்படியே கம்பிக்குப் போகும். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கினால் முழக்கமாக. அதே பிக்கால் கவனமில்லாமல் ஸ்ட்ரம் பண்ணினால் ஒவ்வொரு கம்பியிலும் முட்டி மோதி மூர்க்கமாக ஒலிக்கும். அமெரிக்கப் புளூகிராஸ் கிட்டார்காரர்கள் வேகமான தனிச்சுர வரிசைகளுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பிக்குகளைத் தேடுவது இந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான்.

இனி வருவதுதான் இந்தக் கதையிலேயே என்னைப் பிரமிக்க வைக்கும் இடம். கம்பியை எங்கே மீட்டினால் என்ன ஒலி வரும் என்ற கேள்வியில் மூழ்கிப்போன ஒரு தமிழர், வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும் பெங்களூரில் கழித்தார். சர் சி.வி.ராமன்!

திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த அவருக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது ஒளி. ஆனால் அதற்கு முன்பே, கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில், அவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தது ஒலியை. வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் எதையும் விடவில்லை. மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ராமன் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். அதில் அவர் சொன்னது என்ன என்று தெரிந்துகொண்டால் உங்கள் கிட்டாரை நீங்கள் பிடிக்கும் விதமே மாறிவிடும்!

முதலில் பழைய விதி. ஒரு கம்பி அதிரும்போது ஒரே ஒரு சுரம் மட்டும் பிறப்பதில்லை. கிட்டாரின் மிகத் தடித்த கம்பியைத் தட்டினால் நொடிக்குச் சுமார் 82 அதிர்வுகள், கூடவே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் வரிசையாகப் பிறக்கும். இந்தக் கலவைதான் நாம் 'டோன்' என்று சொல்வது. தாமஸ் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இரண்டு மேதைகளின் பெயரில் வழங்கும் விதி இது: எந்த மேற்சுரத்துக்கு அசையாப் புள்ளி எங்கே இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் மீட்டினால் அந்த மேற்சுரம் பிறக்கவே பிறக்காது. கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6 என்ற இரட்டை மடங்குகள் அத்தனையும் காணாமல் போய்விடும்! மூன்றில் ஒரு பங்கில் மீட்டினால் 3, 6, 9 போய்விடும்.

ராமன் தம்புராவிடமும் வீணையிடமும் போனார். விதிப்படி எந்த மேற்சுரம் செத்திருக்க வேண்டுமோ, அது அங்கே உயிரோடு, அதுவும் பலமாக ஒலித்துக்கொண்டிருந்தது! காரணம் குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ். வீணையின் குதிரை மேல் தந்தி ஒரு கூரான விளிம்பில் நிற்பதில்லை, மெல்ல வளைந்த உலோகப் பரப்பின் மேல் படுத்துக்கொண்டு, அதிரும்போதெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவில் அதே வேலைக்குத் துணையாகத் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல். இந்தத் தொடுதலே மறைந்துபோக வேண்டிய மேற்சுரங்களுக்கு மறுபடி சக்தி ஊட்டுகிறது. நம் ஊர்த் தச்சர்களும் ஆசாரிகளும் காதை மட்டும் நம்பி ஓர் இயற்பியல் விதியைத் தாண்டிச் சென்றிருக்கிறார்கள் என்பதை ராமன் உலகத்துக்குச் சொன்னார். 1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்த அவர், 1948-ல் தன் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, 1970-ல் மறையும்வரை இந்த ஊரிலேயே இருந்தார். சதாசிவநகர் பக்கம், அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே அந்த நிலையம் இன்றும் இருக்கிறது.

இதற்கும் பிக்குக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது! கிட்டாரின் பிரிட்ஜில் கம்பி நிற்பது எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு குறுகிய விளிம்பில். வீணைக்குக் கிடைத்த சலுகை அதற்குக் கிடையாது. அது விதிக்குக் கட்டுப்பட்ட வாத்தியம். நீங்கள் எங்கே, எந்த முனையால் மீட்டுகிறீர்களோ, அந்தத் தேர்வை அது அப்படியே ஒலியாக்கிக் காட்டிவிடும். திருத்தாது, மறைக்காது.

சோதித்துப் பார்க்கலாமா? பல அகூஸ்டிக் கிட்டார்களில் கம்பி நீளம் சுமார் 645 மில்லிமீட்டர். பிரிட்ஜிலிருந்து அதில் கால் பங்கு, அதாவது 161 மில்லிமீட்டர் அளந்தால் ஏறத்தாழ சவுண்ட் ஹோலுக்கு மேல் வந்து நிற்போம். இப்போது இடது கையால் 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். கம்பியின் நீளம் பாதியாகிவிட்டது. வலது கை அதே இடத்தில் இருந்தாலும், அந்த இடம் இப்போது கம்பியின் நட்டநடு! மீட்டிப் பாருங்கள். இரட்டை மடங்குகள் உதிர்ந்துபோய், புல்லாங்குழல் போல உள்ளீடற்ற ஒலி வரும். வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் நாலு விரற்கடை நகர்த்தினால் அதே சுரம் கூர்மையாகிக் கணகணக்கும். பிக் அதேதான், கம்பி அதேதான், சுரம் அதேதான்!

அதனால்தான் மேலே ஏறி ஏறி வாசிக்கும்போது சிலருடைய கிட்டார் மங்கிப்போகிறது. இடது கை நகர்ந்தது, வலது கை நகரவில்லை. குறை கிட்டாரில் இல்லவே இல்லை.

பிக்கின் முனைக்கு வருவோம். கூரான முனை கம்பியை ஊசிபோல ஒரு புள்ளியில் பிடித்து விடுகிறது. கம்பி ஒரு கூர்முக்கோணமாக மடிந்து விடுபடும். அந்தக் கூர்மையிலிருந்துதான் உயர்ந்த மேற்சுரங்கள் வெள்ளமாகக் கிளம்புகின்றன. உருண்டையான முனையோ விரலின் சதையோ கம்பியை அகலமாக அணைத்து விடுவிக்கும். மடிப்பு மழுங்கும், மேற்சுரங்கள் அடங்கும், ஒலி தடிமனாக, இதமாக வரும். பிளாஸ்டிக்கா நைலானா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பொருளைவிட முனைக்குத்தான் முதலிடம். நம்பிக்கையில்லை என்றால் உங்கள் பிக்கைத் திருப்பி, அகலமான தோள் பக்கத்தால் வாசியுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் இன்னொரு டோன்! ஸ்டீவி ரே வாகன் என்ற டெக்சாஸ் புளூஸ் சிங்கம் அப்படித்தான், பிக்கின் உருண்டைப் பக்கத்தால் வாசித்தார். யூ2 குழுவின் எட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் வைத்திருக்கும் ஜெர்மன் பிக்கில் விரல் வழுக்காமலிருக்கப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு உண்டு. அந்தப் பக்கத்தைக் கம்பியில் உரசவிட்டார். அவர் கிட்டாரில் கேட்கும் அந்தக் கரகரப்பான தொடக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்!

க்வீன் குழுவின் பிரையன் மே எதால் வாசிக்கிறார் தெரியுமா? காசால்! பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி நாணயம். 1980-ல் செல்லாக் காசாகிவிட்ட அதை அவர் இன்றும் விடவில்லை. துளியும் வளையாத உலோகம், விளிம்பில் வரிவரியான பற்கள். தளர்வாகப் பிடித்தாலும் கம்பியின் ஒவ்வோர் அசைவும் விரலுக்கு வந்து சேரும். அவர் விண்மீன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

உங்கள் பர்ஸிலேயே ஒரு பிக் இருக்கிறது, தெரியுமா? ஏடிஎம் அட்டைகளுக்கு உலகம் முழுக்க ஒரே தடிமன்தான்: 0.76 மில்லிமீட்டர். மீடியம் பிக்கின் தடிமன் அது! காலாவதியான அட்டை ஒன்றை எடுங்கள். சிப்பும் எண்களும் இல்லாத மூலையில் பழைய பிக்கை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, நல்ல கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய கையோடு வாசித்துப் பாருங்கள். மேலே சுருள் சுற்றிய நான்கு தடித்த கம்பிகளில் 'சர்ர்' என்று ஓர் உரசல் கேட்கும். வெட்டுவாயின் பிசிறுகள் சுருளின் மேடு பள்ளங்களில் மாட்டி மாட்டிப் போகும் சத்தம் அது. சுருள் இல்லாத இரண்டு மெல்லிய கம்பிகளில் அவ்வளவு கேட்காது.

இப்போது 400 நம்பர் உப்புத்தாளை மேசையில் வைத்து, பிக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து விளிம்பைத் தேயுங்கள். இரண்டு பக்கமும் சரிவு விழவேண்டும். பிறகு 1000 நம்பர் தாள். கடைசியாக ஜீன்ஸ் துணியில் சூடேறும்வரை தேய்த்துவிட்டு, மறுபடி வாசியுங்கள். உரசல் போயே போய்விட்டது! கம்பியின் மேல் பிக் வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்து முனையை மட்டும் இரண்டு மூன்று தேய்ப்பில் மழுக்குங்கள், கேளுங்கள். இன்னும் கொஞ்சம் மழுக்குங்கள், கேளுங்கள். கணீர் என்றிருந்த ஒலி படிப்படியாகத் 'தும்' என்று இறங்கி வருவது உங்கள் காதிலேயே நடக்கும். மழுக்கலாம், கூராக்கலாம், எல்லாம் உங்கள் கையில். பள்ளிக்கூடத்தில் இதைவிடச் சுவையாக ஒலியியல் பாடம் நடத்த முடியுமா என்ன!

பொருள்களின் கதை தனி அதிசயம். ஒரு காலத்தில் பிக் என்றால் ஆமை ஓடு. அழுங்காமை எனப்படும் கடலாமையின் முதுகு ஓட்டிலிருந்து செதுக்கியது. நம் மன்னார் வளைகுடாவிலும் நீந்தும் உயிர் அது. ஓடு வழவழப்பானது, எளிதில் தேயாது, விரலில் இதமாக நிற்கும். அதற்காகவே அந்த இனம் அழிவின் விளிம்புக்கு வேட்டையாடப்பட்டது. 1970-களில் உலக வணிகம் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. யாராவது 'ஒரிஜினல் டார்ட்டாய்ஸ் ஷெல்' என்று நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஆமையைக் காப்பாற்ற வந்த பொருள் எது தெரியுமா? யானையைக் காப்பாற்ற வந்த அதே பொருள்! பில்லியர்ட்ஸ் பந்துகளுக்குத் தந்தம் போதாமல் மாற்று தேடியபோது, 1870-ல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் காப்புரிமை பெற்றது செல்லுலாய்டு. 1922-ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா என்ற இத்தாலியக் குடியேறி, ஆமையோட்டு நிறத்துச் செல்லுலாய்டுத் தாள்களையும் இதய வடிவ வெட்டு அச்சு ஒன்றையும் வாங்கி வந்து பிக் வெட்டத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் அந்த முனை குறுகிய முக்கோண வடிவம், கிட்டார்காரர்கள் '351' என்று நம்பர் சொல்லிக் கேட்கும் வடிவம், அவருடைய பட்டியல் எண்தான்! மைசூர் ஈட்டிமரப் பதிப்பு வேலைக்காரர்களும் தந்தத்தை விட்டுவிட்டு இன்று வெள்ளைப் பிளாஸ்டிக்கால் மயிலும் யானையும் பதிக்கிறார்கள். எத்தனை கைத்தொழில்கள் ஒரே வழியில் திரும்பியிருக்கின்றன!

செல்லுலாய்டு பிக்கை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். என்ன வாசனை? கற்பூரம்! ஆமாம், நம் பூஜையறைக் கற்பூரம்தான். நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைக் கலந்தால்தான் அது செல்லுலாய்டு. பழைய தியேட்டர்களைப் பயமுறுத்திய, குப்பென்று பற்றும் சினிமா நைட்ரேட் ஃபிலிமும் இதே குடும்பம். அதனால் செல்லுலாய்டு பிக்கை விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேசைப்பந்து விளையாட்டு 2014-ல் செல்லுலாய்டு பந்தைக் கைவிட்டது. கிட்டார் இன்னும் கைவிடவில்லை. அந்த இதமான, சற்று மொறுமொறுப்பான ஒலிக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

விமானத்தின் உட்பாகங்களில் பயன்படும் பிளாஸ்டிக்கால் பிக் செய்கிறார்கள், தெரியுமா? அல்டெம் என்ற அந்தத் தேன்நிறப் பொருளை 1982-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜெனரல் எலெக்ட்ரிக். இன்று அதற்கு உரிமையாளரான சாபிக் நிறுவனத்துக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி மையமே இருக்கிறது! அல்டெம் பிக் கண்ணாடி போலத் தெளிவாக ஒலிக்கும், மங்கலான கிட்டாரை விழிக்க வைக்கும். ஏற்கெனவே கணகணக்கும் கிட்டாருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நைலான் அதற்கு நேர் எதிர், மெத்தென்று விழும். ஒரு பிக் 35 டாலருக்கு விற்ற அமெரிக்கக் கம்பெனியும் உண்டு, அதற்கு வரிசையில் நின்று வாங்கியவர்களும் உண்டு. பாலிலிருந்து பிக் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பாலின் கேசின் புரதத்தைக் கெட்டிப்படுத்திச் செய்யும் பிக்குகள் இருக்கின்றன. ஆமை ஓட்டுக்கு மிக நெருங்கி வருவது அதுதான் என்று வாதிடுபவர்கள் பலர்.

இத்தனைக்கும் நடுவில் நம் தேங்காய் ஓட்டை மறக்கலாமா! சரோடு வாத்தியத்தை மீட்டும் 'ஜவா' தேங்காய்ச் சிரட்டையிலிருந்துதான் செதுக்கப்படுகிறது. தடிமனான, வளையவே வளையாத, விளிம்பு மெருகேற்றிய சிரட்டைத் துண்டு. 1932-ல் பெங்களூரில் பிறந்து, இலக்கியப் பேராசிரியராகவும் இருந்து, உஸ்தாத் அலி அக்பர் கானின் சீடராக உலகம் முழுதும் வாசித்து, 2024-ல் மைசூரில் மறைந்த பண்டிட் ராஜீவ் தாராநாத்தின் சரோடைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கம்பீரமான, உருண்டு திரண்ட முதல் தட்டு கிடைப்பதில் ஜவாவின் தடிமனுக்கும் விறைப்புக்கும் பங்குண்டு. 1970-ல் வெளிவந்த கன்னடப் படம் 'சம்ஸ்காரா'வுக்கு இசை அவர்தான். படத்தின் இயக்குநர் பட்டாபிராம ரெட்டியின் மகன் கோனாரக் ரெட்டி, பெங்களூரின் மூத்த கிட்டார் கலைஞர்களில் ஒருவர். ஒரு படத்தின் நிழலில் சரோடும் கிட்டாரும்!

கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு நான் வற்புறுத்திச் சொல்வேன்: ஒரு முறையாவது சரோடு கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள், வலது கையை மட்டும் பாருங்கள். தடித்த பிக் என்றால் முரட்டு ஒலி என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

பறவையின் இறகாலும் மீட்டினார்கள். அரபு நாடுகளின் ஊத் வாத்தியத்துக்குக் கழுகு இறகு. பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டின் உள்ளே, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காக்கை இறகுத் தண்டு கம்பியைச் சுண்டிக்கொண்டிருந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ற மகா கலைஞர் இரட்டைக் கம்பிகளை நீக்கி ஒற்றைக் கம்பிகளை வைத்து, கையில் பிக்கோடு கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை எல்லாம் அந்தச் சின்ன வாத்தியத்திலிருந்து வரவழைத்தார். கமகத்தில் முக்கால்வாசி இடது கை வேலை. ஆனால் இழுப்பு நீளும்வரை ஒலி சாகாமல் இருக்க, முதல் தட்டு சரியாக விழுந்தாக வேண்டும்.

பிக்கே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 2005-ல் பெங்களூரில் கச்சேரி செய்த கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளரின் அடையாளமே வெறும் விரல்தான். வீணைக்காரர்களில் சிலர் நகத்தால் மீட்டுவார்கள், சிலர் விரலில் கம்பி மிஸ்ராப் மாட்டிக்கொள்வார்கள். சாமராஜ்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளில் முன்னால் உட்கார்ந்து வீணை கேட்டவர்களுக்கு நகத்தின் குழைவும் கம்பியின் கணீரும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விரல் சதை, நகம், கம்பி: முனையின் அகலமும் கெட்டியும்தான் அங்கேயும் பேசுகின்றன!

பிடிமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பான பிக் வியர்வையில் சுழன்றுகொண்டே இருக்கும், அதை இறுக்கிப் பிடித்தே மணிக்கட்டு வலிக்கும். சென்னையின் புழுக்கத்தில் இது பெரும் தொல்லை, பெங்களூரின் டிசம்பரில் அவ்வளவு தெரியாது. டார்டெக்ஸ் போன்ற மாவு பூசினாற்போன்ற பரப்பும், நைலான் பிக்குகளின் புடைத்த எழுத்துகளும் இதற்காகத்தான். இறுக்கம் குறைந்தால் கை தளரும், கை தளர்ந்தால் டோன் திறக்கும். பிக்கைக் கம்பிக்கு நேராக வைக்காமல் லேசாகத் திருப்பி, விளிம்பால் சறுக்கவிட்டால் வேகமும் கூடும், முதல் 'டிக்' சத்தமும் குறையும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற மார்ட்டின் டி-28 கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் 1969 முதல் வழக்கமாகப் போவது இந்திய ஈட்டிமரம். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே மரம்! அந்த மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்து, கடல் கடந்து, கிட்டாராகி, லட்சங்களில் விலை வைத்துத் திரும்பி வருகிறது. அந்த மரத்தின் குரலைத் திறந்துவிடும் சாவி சில பத்து ரூபாய்ப் பொருள். தப்பான சாவியைப் போட்டுவிட்டுப் பூட்டைக் குறை சொல்வது நியாயமா?

எனவே ஒரு வேண்டுகோள். கிட்டாரை மாற்றுவதற்கு முன், கம்பியை மாற்றுவதற்கும் முன், ஒரு முறை கடைக்குப் போங்கள். பெங்களூர் ஃபர்ட்டாடோஸானாலும் சரி, சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகலானாலும் சரி, உங்கள் தெருமுனை வாத்தியக் கடையானாலும் சரி. "அண்ணா, ஒரே மாதிரி அஞ்சு வேண்டாம், அஞ்சு மாதிரியில ஒவ்வொண்ணு குடுங்க" என்று கேளுங்கள். 0.60 ஒன்று, 0.88 ஒன்று, 1.14 ஒன்று, நைலானில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரில் முனை உருண்டது ஒன்று. ஐந்தும் சேர்ந்தாலும் ஒரு செட் நல்ல கம்பியின் விலை ஆகாது. வீட்டுக்கு வந்து, போனை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்திவைத்து, ஒரே பாட்டின் ஒரே நான்கு வரிகளை ஐந்து பிக்காலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். எது எது என்று பெயர் தெரியாமல் வீட்டில் இன்னொருவரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கிட்டார் உங்களுடையது என்று அப்போது உங்கள் காதே சொல்லட்டும்.